டியூப்பைக் கழற்றலாமா?

பஞ்சர் கடையில் எழும் கேள்வி

அலாய் வீல் வைத்த மோட்டார் பைக்குகளில் இப்போது பெரும்பாலும் டியூப் கிடையாது. ஆணி ஏறினாலும் காற்று ஒரேயடியாக இறங்குவதில்லை. பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றாமலே ஓட்டைக்குள் ரப்பர் திரியைச் செருகிச் சில நிமிடங்களில் அனுப்பிவிடுகிறார். அதே கடைக்குச் சைக்கிள் வந்தால் வேலை பழையபடிதான். டயரை நெம்பி, டியூப்பை உருவி, தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடி, தேய்த்து, ஒட்டி, மறுபடி மாட்ட வேண்டும். சீமைக் கருவேல முள்ளும் நெருஞ்சியும் கிடக்கிற பாதைகளில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்வது. பைக்குக்கு முடிந்தது சைக்கிளுக்கு ஏன் முடியவில்லை என்று அவர்கள் கேட்பது நியாயமே.

சைக்கிளுக்கும் டியூப்லெஸ் டயர் உண்டு. காருக்கான டியூப்லெஸ் டயரை 1940களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் கொண்டுவந்தது. அதை உருவாக்கிய ஃபிராங்க் ஹெர்செக்குக்கு 1952இல் காப்புரிமை கிடைத்தது. சைக்கிள் அதற்குப் பின் அரை நூற்றாண்டு காத்திருந்தது. பிரான்சின் மாவிக் நிறுவனம் டயர் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து மலைச் சைக்கிளுக்கான யூ.எஸ்.டி. என்ற டியூப்லெஸ் முறையை வெளியிட்டது 1999இல்தான். சாலைச் சைக்கிளுக்கு 2006 வாக்கில் ஷிமானோவும் ஹட்சின்சனும் வழி திறந்தன. இன்று அதற்கான டயர், வால்வு, டேப், ஓட்டையை அடைக்கும் ரப்பர்பால் திரவம் எல்லாமே கடையில் கிடைக்கின்றன. ஆகவே, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் சக்கரம் இதற்கு ஏற்றதா என்ற கேள்விதான் மிச்சம்.

இதற்குப் பொதுவாகக் கிடைக்கும் பதில், ‘ஸ்போக் துளை வழியாகக் காற்று போகும், டேப் ஒட்டிவிட்டால் சரி’ என்பது. சொன்னவரை அது சரி. ஆனால் காற்று வெளியேறாமல் இருப்பதும், டயர் ரிம்மைவிட்டு நழுவாமல் இருப்பதும் வேறு வேறு சங்கதிகள். முதலாவதை டேப் தீர்த்துவிடும். இரண்டாவதற்கான வழி, ரிம் செய்யப்பட்ட வடிவத்திலேயே இருக்க வேண்டும். பின்னால் சேர்க்க முடியாது. சக்கரத்தைச் சோதிக்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவதைத்தான் என்பதற்கான காரணங்களை இந்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

துளையை அடைப்பது கடினமான வேலையா?

பைக்கின் அலாய் வீல் ஒரே வார்ப்பு. காற்று இருக்கும் பகுதியில் வால்வுக்கான துளையைத் தவிர வேறு துளை இல்லை. சைக்கிள் ரிம்மில் ஸ்போக் கம்பி ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. பல சைக்கிள்களில் 32 அல்லது 36. தொடக்க கால யூ.எஸ்.டி. ரிம்மின் மேல்தளத்தில் ஸ்போக் துளையே போடாமல் இந்தச் சிக்கலை மாவிக் தவிர்த்தது. அழகான தீர்வு, ஆனால் விலை ஏறியது. பிறகு வந்தவர்கள் டேப்பை நம்பினார்கள், அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. ஏன் என்று ஒரு சிறு கணக்கில் தெரிந்துவிடும். ரிம்மின் மேல்தளத் துளை 9 மி.மீ. விட்டம் கொண்டது என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறக்குறைய 64 சதுர மில்லிமீட்டர். டயரில் 44 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால், அந்தத் துளையின் மேல் ஒட்டிய டேப் ஏறக்குறைய 2 கிலோ எடையைத் தாங்கினால் போதும். இதற்கென்றே செய்த டேப் அதை எளிதாகத் தாங்கும்.

இந்த விஷயத்திலும் தோற்றுப்போகும் ரிம்கள் உண்டு. மேல்தளம், கீழ்த்தளம் என்று இரண்டு சுவர் இல்லாமல் ஒரே தகடாக வளைத்த ரிம்மில், ஸ்போக் கம்பியின் முனையைப் பிடிக்கும் நிப்பிள்களின் தலைகள் நடுப்பள்ளத்தில் புடைத்து நிற்கும். அந்த மேட்டுப் பள்ளத்தில் டேப் ஒழுங்காகப் படியாது. படிந்த இடத்திலும் நிப்பிள் அதைக் குத்திக்கொண்டே இருக்கும். நம் ஊரில் பால்காரர்களும் தபால்காரர்களும் பல காலம் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் எஃகு ரிம் இந்த வகை. முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 ஸ்போக், 28 அங்குல டயர், பிரேக் கட்டை உள்பக்கமாக வந்து அழுத்தும் வடிவம். உறுதியில் அதற்கு ஈடு குறைவு, ஆனால் அதில் டியூப் இருந்தே ஆக வேண்டும். அலுமினிய ரிம்மில் கவனிக்க வேண்டியது, வளைத்த பட்டையின் இரு முனைகளும் சேரும் இடம். பற்றவைத்து இழைத்த இணைப்பில் காற்று கசிவது அரிது. உள்ளே கட்டை செருகி நெருக்கிய இணைப்பில் மயிரிழை இடைவெளி இருக்கலாம். டேப்புக்கு மேலே பக்கச் சுவர்வரை அது ஓடினால் கசிவு நிற்காது.

டியூப் செய்கிற இன்னொரு வேலை

டியூப்பை நாம் காற்றை அடைத்து வைக்கும் பையாக மட்டுமே நினைக்கிறோம். அது சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் ஒரு பாதுகாப்பும்கூட. டயரின் உள் ஓரத்தில் கம்பியோ கெவ்லார் நூலோ வைத்துத் தைத்த வளையம் இருக்கிறது. ஆங்கிலத்தில் பீடு என்று வழங்கும் அதை இங்கே ‘ஓரவளையம்’ என்போம். காற்றின் அழுத்தம்தான் ஓரவளையத்தை ரிம்மின் பக்கச் சுவரோடு ஒட்டி அழுத்திப் பிடித்திருக்கிறது. பசையோ திருகாணியோ கிடையாது.

வளைவில் வேகமாகத் திரும்பும்போதோ குழியில் ஓரமாக இறங்கும்போதோ டயர் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. ஓரவளையம் ஒரு நொடி சுவரைவிட்டு ஒரு மில்லிமீட்டர் விலகுகிறது என்று கொள்வோம். டியூப் உள்ள சக்கரத்தில் அந்த இடைவெளியை டியூப் தாண்டி நிற்கும், காற்று வெளியேறாது, அழுத்தம் குறையாததால் ஓரவளையம் திரும்பவும் சுவரோடு ஒட்டிவிடும். ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது. டியூப் இல்லாத சக்கரத்தில் அதே ஒரு மில்லிமீட்டர் விலகல், காற்று வெளியேறும் வழியாகிறது. காற்று போனால் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் ஓரவளையத்தைச் சுவரோடு பிடித்துவைக்கும் விசையும் குறையும். அடுத்த விலகல் இன்னும் பெரிதாகும். கோளாறே கோளாறை வளர்க்கும் இந்தச் சுழலைத் தடுக்க, அழுத்தம் குறைந்த பிறகும் ஓரவளையத்தை அதன் இடத்தில் நிறுத்திவைக்கும் ஏதோ ஒன்று ரிம்மில் இருக்க வேண்டும். டியூப்போடு பத்தாண்டு பழுதில்லாமல் ஓடிய ரிம், டியூப்பைக் கழற்றியதும் ஆபத்தாக மாறக்கூடியதன் காரணம் இதுவே.

ரிம்மின் குறுக்குவெட்டு

டயரையும் டியூப்பையும் பழைய ரிம் டேப்பையும் எடுத்துவிட்டுப் பக்கச் சுவரிலிருந்து நடுவை நோக்கி விரலை நகர்த்தினால் நான்கு உறுப்புகள் தட்டுப்படும். முதலில் சுவரின் மேல்விளிம்பில் உள்நோக்கி மடிந்த சிறு கொக்கி. அதன் கீழே, டயரின் ஓரவளையம் உட்காரும் சமதளம்; இதை அமர்தளம் என்போம். நடுவில் நடுப்பள்ளம். டயரை மாட்டும்போது ஓரவளையத்தின் ஒரு பக்கத்தை இந்தப் பள்ளத்தில் இறக்கினால்தான் எதிர்ப்பக்கத்தைச் சுவருக்கு மேலாக ஏற்றத் தேவையான தளர்வு கிடைக்கும். நான்காவது உறுப்பு எல்லா ரிம்மிலும் இருக்காது. அமர்தளம் முடிந்து பள்ளம் தொடங்கும் இடத்தில், வயலின் எல்லையில் நீரைத் தேக்கும் வரப்பைப்போல, சற்றே உயர்ந்த ஒரு மேடு சக்கரம் முழுக்கச் சுற்றி ஓடும். அதை வரப்பு என்றே அழைக்கலாம்.

டியூப்புக்காகச் செய்த ரிம்மில் டயரைப் பிடிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு கொக்கிக்கு. அமர்தளம் ஒழுங்கான அளவில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பல ரிம்களில் அது நேரே பள்ளத்துக்குள் சரிந்துவிடுகிறது. டியூப்லெஸ் ரிம்மில் பொறுப்பு அமர்தளத்துக்கும் வரப்புக்கும் மாறுகிறது. அமர்தளம் டயரின் ஓரவளையத்துக்குச் சரியான அளவில் இருந்து காற்று கசியாமல் நெருங்கிப் பொருந்த வேண்டும். காற்று குறைந்த நொடியில் ஓரவளையம் பள்ளத்துக்குள் சறுக்காமல் வரப்பு தடுக்க வேண்டும். சக்கரம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதா என்ற கேள்விக்கு இந்த இரண்டு உறுப்புகளில்தான் விடை இருக்கிறது.

ஒரு ரிம்மை எடுத்துச் சோதிப்போம்

கியர் சைக்கிள்களில் பரவலாகக் காணப்படும் 700 சி அளவுள்ள இரட்டைச் சுவர் அலுமினிய ரிம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மேல் ‘622 × 19 சி’ என்று பொறித்திருக்கிறது. 622 என்பது அமர்தளத்தின் விட்டம், மில்லிமீட்டரில். 19 என்பது உள் அகலம். கடைசி எழுத்துத்தான் நமக்கு முக்கியம். இந்தக் குறியீடுகளை வகுப்பது ஐரோப்பிய டயர்-ரிம் தொழில்நுட்ப அமைப்பு, சுருக்கமாக இ.டி.ஆர்.டி.ஓ. அளவுக்குப் பின்னால் ‘சி’ மட்டும் இருந்தால் கொக்கி உள்ள ரிம் என்று பொருள், டியூப்லெஸ் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ‘டி.சி.’ என்று இருந்தால் கொக்கியோடு கூடிய டியூப்லெஸ் ரிம். ‘டி.எஸ்.எஸ்.’ என்றால் கொக்கியில்லாத நேர்ச்சுவர் டியூப்லெஸ் ரிம். 700 சி என்பதிலுள்ள ‘சி’ பழைய பிரெஞ்சு டயர் அளவு முறையிலிருந்து வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் ரிம்மில் ‘டி’ இல்லை. இந்தக் குறியீடுகள் வழக்குக்கு வருமுன் செய்த சில டியூப்லெஸ் ரிம்களில் அது இருக்காது என்பதால், இதை மட்டும் வைத்து ஒதுக்கிவிட வேண்டாம். ஆனால் இனி ஒவ்வொன்றையும் நாமே நிரூபித்தாக வேண்டும்.

அடுத்து அளவு. மெல்லிய, நீளாத ஒரு பட்டையை அமர்தளத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, சேரும் இடத்தைக் குறித்து, பிரித்து நீளத்தை அளக்க வேண்டும். விட்டத்தைவிடச் சுற்றளவை அளப்பது நல்லது. விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் பிழை சுற்றளவில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து தெரியும். சாதாரண அளவுகோலாலேயே பிடித்துவிடலாம். 622 மி.மீ. விட்டத்துக்கு உரிய சுற்றளவு 1954 மி.மீ. தரநிலைகள் விட்டத்தில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் அரை மில்லிமீட்டர் போல, அதாவது சுற்றளவில் ஒன்றரை மில்லிமீட்டர். நம் ரிம்மில் 1950 வந்ததாகக் கொள்வோம். சுற்றளவில் 4 மி.மீ. குறைவு என்றால், ஓரவளையத்துக்கும் அமர்தளத்துக்கும் இடையே சுற்றிலும் 0.6 மி.மீ. இடைவெளி. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எதிர்ப்பக்கத்தில் அது ஏறக்குறைய 1.3 மி.மீ. ஆகும்.

இடைவெளியை டேப்பால் நிரப்பலாமே? நிரப்பலாம். டியூப்லெஸ் டேப் அமர்தளத்தின் மேலும் படிவதால் அது துளையை மூடுவதோடு ரிம்மின் அளவையும் மாற்றுகிறது. 0.15 மி.மீ. தடிமனுள்ள டேப்பை நான்கு சுற்றுச் சுற்றினால் அந்த 0.6 மி.மீ. நிறைந்துவிடும். கணக்கு பொருந்துகிறது. ஆனால் அமர்தளம் இப்போது மென்மையான நான்கு அடுக்கின் மேல் இருக்கிறது. டயரை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஓரவளையம் அதை உராய்ந்து நகர்த்தும். இதே வேலையை அளவு சரியாக உள்ள ரிம்மில் செய்தால் தீங்கு எதிர்த்திசையில் வரும். 0.2 மி.மீ. டேப் நான்கு சுற்று என்றால் சுற்றளவு 5 மி.மீ. கூடும். டியூப்லெஸ் டயரின் ஓரவளையத்தில் உள்ள நூலின் சிறப்பே நீளாமல் இருப்பதுதான். நீளாத வளையத்தை 5 மி.மீ. பெரிய இருக்கையில் வலிந்து ஏற்றினால் நூல் சேதப்படலாம். டேப்பை எத்தனை சுற்று சுற்றுவது என்பது அளந்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

கடைசியாக வரப்பு. அமர்தளத்திலிருந்து நடுப்பள்ளத்தை நோக்கி நகத்தை இழுத்தால், பள்ளத்தில் விழுமுன் ஒரு சிறு ஏற்றம் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ரிம்மில் தடுக்கவில்லை. நகம் வழுக்கிக்கொண்டு பள்ளத்துக்குப் போய்விடுகிறது. இங்கே சோதனை முடிந்துவிடுகிறது. அளவுக் குறையை டேப் ஓரளவு ஈடுகட்டியது, துளைகளையும் அடைக்கும். வரப்பை எந்த டேப்பாலும் கட்ட முடியாது. கயிறும் நுரைப்பட்டையும் வைத்து மேடு செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டு விசை வரும்போது உலோக மேடு நிற்கும், நுரை நசுங்கும்.

‘எத்தனையோ பேர் ஓட்டுகிறார்களே’

சாதாரண ரிம்மை டியூப்லெஸ்ஸாக மாற்றிப் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்கள் உண்டு என்பதே இதற்கு எதிரான வலுவான வாதம். அது பொய்யில்லை. ஆனால் அவர்கள் எந்த டயரில், எவ்வளவு காற்றில் ஓட்டினார்கள் என்று கேட்க வேண்டும். ஓரவளையத்தைப் பிடித்து இழுக்கும் விசை அழுத்தத்தை மட்டும் பொறுத்ததன்று. அழுத்தமும் டயரின் அகலமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. 57 மி.மீ. அகல மலைச் சைக்கிள் டயரில் 22 பி.எஸ்.ஐ. இருந்தால், ஓரவளையத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 4.4 கிலோ எடைக்கு ஈடான இழுவை. 40 மி.மீ. டயரில் 44 பி.எஸ்.ஐ. என்றால் 6 கிலோ. 25 மி.மீ. சாலை டயரில் 100 பி.எஸ்.ஐ. அடித்தால் 9 கிலோ, அதாவது முதலாவதைப்போல் இரு மடங்கு. மாற்றி வெற்றி கண்டவர்களில் பெரும்பாலோர் முதல் வகையினர். மண்பாதையில் தாழ்ந்த அழுத்தத்தில் கிடைத்த அனுபவத்தைத் தார்ச்சாலையில் உயர்ந்த அழுத்தத்துக்குப் பொருத்துவது சரியாகாது. இன்னொன்றும் உண்டு. அந்த ரிம்கள் சோதிக்கப்படுவது காற்று நிறைந்திருக்கும் நாட்களில் இல்லை. வேகத்தில் போகும்போது டயர் கிழிந்து காற்று சட்டென்று இறங்கும் அந்த ஒரு நாளில்தான் வரப்பு இருந்ததா என்று தெரியவரும்.

‘டயரை மாட்டவே முடியாத அளவுக்கு இறுக்கமாக இருந்தது, இனி எப்படிக் கழன்று வரும்?’ என்பது இரண்டாவது வாதம். கேட்கச் சரியாகத் தோன்றும். ஆனால் மாட்டும்போது உணரும் இறுக்கம் நடுப்பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதைச் சொல்கிறது. அமர்தளத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பள்ளத்தில் தடித்த டேப்பை அடுக்கிவிட்டால் தளர்வு குறைந்து எந்த டயரும் இறுக்கமாக ஏறும். ஏறி முடித்த பிறகு ஓரவளையம் உட்காரும் இடத்தில் அதே தளர்வு அப்படியே இருக்கலாம்.

கொக்கி இல்லாமலும் டயர் நிற்கிறதே

நேர்ச்சுவர் ரிம்களில் கொக்கி அறவே இல்லை. கொக்கிகூட இல்லாத ரிம்மில் டயர் நிற்கும்போது, கொக்கி உள்ள நம் பழைய ரிம்மில் நிற்காதா என்று கேட்கலாம். அந்த ரிம்கள் கொக்கியைக் கைவிட முடிந்ததே மற்ற இரண்டையும் மிகக் கண்டிப்பாக வைத்துக்கொண்டதால்தான். அமர்தளத்தின் விட்டம் நுணுக்கமாகக் கட்டுப்படுத்தப்படுகிறது, வரப்பு உண்டு, அழுத்தத்துக்கு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. என்ற உச்சவரம்பு உண்டு, அவற்றுக்கென ஒப்புதல் பெற்ற டயரை மட்டுமே மாட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. இத்தனைக்குப் பிறகும் விவாதம் ஓயவில்லை. 2024 பிப்ரவரியில் நடந்த யூ.ஏ.இ. டூர் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்தபோது அவர் சக்கரத்தின் டயர் கொக்கியில்லாத ரிம்மைவிட்டுக் கழன்று தொங்கியது. தொழில்முறை மெக்கானிக்குகள் பொருத்திய சக்கரம் அது. உலகச் சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. இந்த வகை ரிம்களை ஆராய்வதாக அறிவித்தது. ரிம்மும் டயரும் தனித்தனியே நல்லவையாக இருந்தால் போதாது, அகலமும் அழுத்தமும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும் என்பதையே இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். டயரின் மேலும் டியூப்லெஸ் என்ற குறிப்பு இருக்க வேண்டும். டியூப்புக்கான டயரின் ஓரவளையம் நீளக்கூடியது. ரிம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

காற்றை இறக்கிப் பார்ப்பது

ரிம் முதல் சோதனைகளில் தேறிவிட்டால், டயரை மாட்டிய பின் இன்னும் இரண்டு இருக்கின்றன. அடைப்புத் திரவம் ஊற்றாமல் சோப்புத் தண்ணீரை ஓரத்தில் தடவிக் காற்று அடித்தால், ஓரவளையம் வரப்பைத் தாண்டி அமர்தளத்தில் ஏறும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இரு பக்கமும் தனித்தனியே கேட்க வேண்டும். சத்தமே இல்லாமல் டயர் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தால் தாண்டுவதற்கு அங்கே வரப்பு இல்லை என்று சந்தேகிக்கலாம். அடுத்து, வால்வின் உள்முள்ளை (வால்வு கோர்) கழற்றிக் காற்றை முழுவதும் இறக்கிவிட வேண்டும். நல்ல ரிம்மில் காற்றே இல்லாதபோதும் ஓரவளையம் தன் இடத்தில் இருக்கும். கட்டைவிரலால் பலமாகத் தள்ளினால்தான் பள்ளத்தில் விழும். காற்று போனதும் தானே சரிந்து விழுகிற டயர், சாலையிலும் அப்படியே செய்யும். காற்று நிரம்பிய டயரை எத்தனை நாள் சுவரில் சாய்த்து வைத்தாலும் இந்தச் செய்தி கிடைக்காது. அந்தச் சோதனை கசிவை மட்டுமே காட்டும்.

அடைப்புத் திரவத்தை இத்தனைக்கும் பிறகே ஊற்ற வேண்டும். ரப்பர்பாலில் நுண்துகள்கள் கலந்த அந்தத் திரவம் முள் குத்திய ஓட்டையில் பாய்ந்து உறைந்து அடைக்கிறது. ஓரத்திலும் டேப்பிலும் உள்ள நுண்ணிய கசிவையும் அடைத்துவிடும். முன்கூட்டியே ஊற்றினால் ரிம்மின் குறையை அது மறைத்துவிடும் என்பதுதான் சிக்கல். வெப்பத்தில் அது சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையில் வெயிலில் நிற்கும் சைக்கிளில் சில மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதிதாக ஊற்ற வேண்டியிருக்கும்.

நாம் எடுத்துக்கொண்ட 622 × 19 சி ரிம் தேறவில்லை. அதன் உரிமையாளருக்கு வழி அடைபட்டுவிட்டது என்று பொருளில்லை. உள்முள்ளைக் கழற்றக்கூடிய வால்வு இருந்தால் டியூப்புக்குள்ளேயே அடைப்புத் திரவத்தை ஊற்றலாம். நெருஞ்சி முள் போட்ட சிறு ஓட்டைகளை அது பெரும்பாலும் சமாளிக்கும். மிதிபரப்பின் அடியில் முள் தடுக்கும் பட்டை வைத்த டயரையும் போடலாம். டியூப்லெஸ்தான் வேண்டும் என்றால் முழுச் சக்கரத்தை மாற்றத் தேவையில்லை. ஹப்பை வைத்துக்கொண்டு, அதே எண்ணிக்கைத் துளையுள்ள ‘டி.சி.’ ரிம் ஒன்றை வாங்கிக் கோக்கச் சொல்லலாம். ஸ்போக் கம்பி நிப்பிளில் முடியும் இடத்து விட்டம் இரண்டு ரிம்மிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பழைய ஸ்போக் கம்பிகளே பொருந்திவிடும்.